ஒன்பதாம் ஆளுக்கு எட்டுக் கல்

ஏழாவது துடுப்பைச் சுவரில் மாட்டிய மறுநாள் காலையில் அன்னபாக்கியம் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது, முந்தைய நாள் போட்ட கோலம் படிக்கு நேராக இல்லாமல் ஒரு சாண் தெற்கே தள்ளிக் கிடந்தது. அவள் கோலத்தைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், கோலம் நகர வழியில்லை என்பதால் வீடுதான் நகர்ந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, படிக்கு நேராகப் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டு, அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்து உள்ளே போனாள். அடுத்த நாள் அந்தக் கோலமும் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. மழையில்லாத மாதமாகையால் பழைய கோலங்கள் முழுதாக அழியாமல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே வந்து, வீட்டைச் சுற்றி யாரோ வெள்ளை வேலி போட ஆரம்பித்தது போல வளைந்து நின்றபோதுதான் தெருக்காரர்கள் கவனித்தார்கள்.

"என்ன மதினி, வீடு திரும்புதா?" என்று கேட்டார் அடுத்த மனையில் கடலைமிட்டாய் போடும் ரத்தினசாமி.

"ஆமா தம்பி. வடக்காம திரும்புது."

"கரிசல் மண்ணுல்லா. அப்படித்தான் இருக்கும்."

அந்த ஊரில் அது போதுமான விளக்கம். சுருளங்குளம் என்று பேரில் மட்டும் குளத்தை வைத்திருக்கும் ஊர் அது. வாரத்துக்கு ஒருநாள் குழாயில் வரும் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஒட்டப் போகிறவர்களின் ஊர். அங்கே மண் வெயிலில் பிளந்து ஆட்டுக்குட்டியின் காலை விழுங்கும், மழையில் உப்பி நிலைக்கதவை இறுக்கும், நேற்று நேராக நின்ற சுற்றுச்சுவரை இன்று தெருப்பக்கம் சாய்த்து வைக்கும், அதனால் ஒரு வீடு மெல்லத் திரும்புவது என்பது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு, வழக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலான விஷயம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

துடுப்புகளைச் சேர்த்தவர் அன்னபாக்கியத்தின் கணவர் தவசிக்கனி. மரக்கடை வைத்திருந்தார். இடிக்கும் வீடுகளின் நிலை, உத்தரம், சன்னல் எல்லாம் ஏலத்தில் எடுத்து விற்பது தொழில். மகளைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்து அனுப்பிய வருஷம், மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவைப் பிரித்தபோது, கணப்புக்கு மேலே இரண்டு கொக்கியில் கிடந்த பன்னிரண்டடித் துடுப்பொன்றைக் கதவு சன்னலோடு சேர்த்துக் கொண்டுவந்தார். அதன் நுனியிலிருந்த அகன்ற அலகில் கருநீலச் சாயம் பூசி, நடுவில் ஒரு சிங்கமுகம் எழுதி, கீழே பொன்னெழுத்தில் ஒன்பது பேர்கள் வரிசையாக இருந்தன. விற்கத்தான் கொண்டுவந்தார். ஆனால் கடைக்குக் கொண்டுபோகாமல், வீட்டின் நடுக்கூடமான பட்டாசலின் இடப்பக்கச் சுவரில் மாட்டினார். அதன் பிறகு மனிதர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. எந்த மலையில் எந்த எஸ்டேட் கிளப் மூடுகிறது, எந்த நூற்பாலை மேனேஜர் பங்களா ஏலத்துக்கு வருகிறது என்று போனும் பஸ்ஸுமாக அலைந்தார். ஒரு கன்னியர் மடத்தில் சாப்பாட்டு மண்டபத்துத் திரைச்சீலைக்குக் கம்பாக ஒன்று இருந்தது. ஒன்று குலை தள்ளிய வாழைக்கு முட்டாக நின்றது. அந்த வாழையின் குலையையும் சேர்த்து வாங்கினால்தான் துடுப்பைத் தருவேன் என்றான் தோட்டக்காரன், வாங்கினார். கருநீலம், அரக்கு, பாசிப்பச்சை, ஒன்று கறுப்பில் வெள்ளைச் சிலுவை. ஒவ்வொன்றும் சீமையில் ஒவ்வொரு கல்லூரியின் படகுப் போட்டித் துடுப்பு, ஒவ்வொரு வருஷம், எந்த இரண்டும் ஒரே படகில் போனவையல்ல.

முதல் துடுப்பை மாட்டிய அன்று, அன்னபாக்கியம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் முக்காலி மேல் ஏறி நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

"முதல் ஆளு வின்டர்டன், பத்துக் கல்லு பதினோரு பவுண்டு. ரெண்டாவது ஆளு ஆஷ்பி, பதினோரு கல்லு. மூணு, கிரெய்க், பன்னெண்டு கல்லு நாலு பவுண்டு..."

சீமையில் ஆளை நிறுப்பது, பதினாலு பவுண்டு ஒரு கல் என்ற கணக்கில் என்பதை அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. அவளுக்குக் கல் என்றால் சாலையோரம் நட்டிருக்கும் கல், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு உள்ள தூரம்; பருத்திச் சந்தை மூன்று கல், அம்மன் கோவில் ஒன்றரைக் கல். அவளைப் பொறுத்தவரை அவள் பிறந்த வீடும் வாழ்க்கைப்பட்ட வீடும் ஒரே ஊரில் மூன்று தெரு இடைவெளி, ஒரு கல்கூட இல்லை. ஒரே படகில் உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு தூரம் போயிருக்கிறார்கள் என்பது அவளுக்கு விசித்திரமாகப் படவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் அப்படித்தானே.

"ஒம்பதாவது, பென். எட்டுக் கல்லு."

"பெண்ணா? பொம்பளப் புள்ளையும் போச்சா?"

"பென்னு. அவன் பேரு அது."

"ஒரு படகுக்குத் துடுப்பு எட்டுன்னு சொன்னீங்க. ஒம்பது ஆளு எதுக்கு?"

அவர் முக்காலியிலிருந்து இறங்கி, அதிலேயே உட்கார்ந்து, இரண்டு கையும் நீட்டி இழுத்துக் காட்டினார். போட்டி நடக்கும் அந்த ஆற்றில் இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் போக இடமில்லை. அதனால் வரிசையாக விட்டு, பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனைத் துரத்தி இடிக்க வேண்டும். போட்டி நடக்கும் நாளெல்லாம் இடித்தவனுக்கு அவன் வலித்த துடுப்பையே பேரெழுதிக் கொடுத்துவிடுவார்கள். வலிக்கிற எட்டுப் பேரும் போகிற திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். "போற இடம் தெரியாது. விட்டுட்டு வார இடந்தான் தெரியும். எதிர்ல இருக்கவன் முதுகும், தூரமாப் போற கரையும்."

"பெறகு எங்க போறோம்னு யாரு பாக்கது?"

"பென்னுதான். அவன் ஒருத்தன்தான் முன்னப் பாத்து இருப்பான். அவனுக்குத் துடுப்பு கிடையாது. வலின்னா வலிக்கணும். நிறுத்துன்னா நிறுத்தணும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

மதராசில் காலேஜில் சேர்ந்து, அப்பா இறந்து மரக்கடைக்குத் திரும்பி வருவதற்கு முன், ஒரே ஒரு காலையில் ஆள் குறைந்ததென்று அவரை ஒரு படகில் ஏற்றி உட்காரவைத்த கதையை அவர் அன்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு மிச்சமிருந்த கீரையை அவளோடு சேர்ந்து உருவினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கீரை உருவி அவள் பார்த்ததில்லை.

ஆறு துடுப்பு வரைக்கும் அவை வெறும் மரமாகத்தான் இருந்தன. இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் மூன்று என்று ஆனபிறகுதான் வீடு திரும்பத் தொடங்கியது.

ஊர் அதற்கு வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. மின்வாரியத்து லைன்மேன் வந்து கம்பத்திலிருந்து வரும் வயரை நீளமாக்கிச் சுருட்டித் தொங்கவிட்டுப் போனார். குழாய் இணைப்பு முறிந்த இடத்தில் பச்சை டியூப் போட்டார்கள். பால்காரர் "இன்னைக்கு வாசல் எங்கன இருக்கு?" என்று தெருமுனையில் கேட்டுவிட்டு வந்தார், பிறகு அந்தக் கேள்வியே தெருவில் சௌக்கியமா என்பதற்குப் பதிலாக ஆகி, வீடு திரும்பாதவர்களும் ஒருவரையொருவர் "வாசல் எங்கன?" என்று கேட்டுக்கொண்டார்கள். நான்கு பக்கமும் மரம் அடுக்க இடம் விட்டுக் கட்டிய வீடு அது. ஒரு சுற்றுக்கு ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதத்தில் அதைச் சுற்றியிருந்த ஒவ்வொரு வீடும் கொஞ்ச நாளைக்கு எதிர்வீடாயிற்று. எதிர்வீடு என்றால் சும்மாவா? கடன் காப்பித்தூள், கல்யாணப் பேச்சு, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்ற தகவல் எல்லாம் அதற்கு உரிமைப்பட்டது. வாய்க்கால் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த டைலர் வீட்டம்மாளுக்கு நேராக வாசல் வந்து நின்ற வாரம், அவள் முகத்தை எத்தனை நாள்தான் திருப்பிக்கொள்வாள், நான்காம் நாள் ஒரு கிண்ணம் பாயசத்தோடு வந்துவிட்டாள். தங்கள் முறை வருவதற்கு முன்பே சிலர் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். வாசல் வடக்கே பார்க்கும் நாட்களில் பெண் பார்க்கிற சடங்குகளை அங்கே வைத்துக்கொள்ள இடம் கேட்டார்கள். பூசைமாடத்து முருகன் தெற்கே பார்த்தபோது அது ஆகாது என்று ஒருவர் சொல்ல, "அவரு உலகத்தையே சுத்துன ஆளு, அவருக்கா தெரியாது" என்று இன்னொருவர் சொல்லி முடித்துவிட்டார்.

துடுப்புகளுக்கும் பேர் வந்துவிட்டது. வெல்லப்பாகு கிண்டும் பெண்கள் மதியம் வந்து காற்றாட உட்கார்ந்தால், "நம்ம ஆஷ்பிக்கு வெயில் படுது பாரு, சாயம் வெளுத்துராம" என்று பழைய சேலையை எடுத்து மூடினார்கள்.

ஆனால் துடுப்பு என்ற சொல்தான் எல்லாரையும் ஏமாற்றியது. சுருளங்குளத்தில் துடுப்பு என்றால் அண்டாவில் பாகு கிண்டுவது. ரத்தினசாமியின் கொட்டகையில் ஆள் உயரத்துக்கு நான்கு துடுப்புகள் உண்டு, சுற்றிச் சுற்றிக் கிண்டுவதற்கே ஆனவை, வேறு வேலையே அறியாதவை. எனவே தவசிக்கனியின் துடுப்புகளும் வீட்டைக் கிண்டுகின்றன என்பதை ரத்தினசாமி முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்.

"பாகு பதம் வந்தா துடுப்பு தன்னால நின்னுரும் மதினி. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் மூணு. ஒரு கை கொறையுது. எட்டாவது வந்துட்டுன்னா பதம் வந்துரும். வீடு ஆணியடிச்சாப்ல நிக்கும்."

அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. இரண்டு பக்கமும் சமமானால் தராசு நிற்கும், வீடு நிற்காதா? தவசிக்கனியும் மறுக்கவில்லை. அவர் எட்டாவதைத் தேடினார்.

அன்னபாக்கியத்துக்கு மட்டும் அது நிற்பதில் ஒரு சங்கடம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுப்படிக்கு ஒரே ஒரு சன்னல். வீடு கட்டிய நாளிலிருந்து அது கிழக்கே தீப்பெட்டிக் குடோனின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சுவரில் ஒரு பல்பொடி விளம்பரத்தில் சிரித்த பெண்ணின் பற்கள் ஒவ்வொரு மழைக்கும் ஒன்றிரண்டாக உதிர்ந்து, கடைசியில் உதடு மட்டும் மிஞ்சியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் எத்தனை ஆயிரம் வேளைக்குப் பொங்கியிருப்பாள். வீடு திரும்பத் தொடங்கி மூன்றாம் வாரம் குடோன் சுவர் சன்னலின் இடது ஓரத்துக்கு ஒதுங்கி, வலது ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் வந்தது. பிறகு அது அகலமாயிற்று. குடோனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் தென்கிழக்கே வெட்டவெளியாகக் கரிசல் காடு கிடந்தது. ஒரு மரம் இல்லை, ஒரு கொட்டகை இல்லை. பருத்தி எடுத்து முடித்த கறுப்பு நிலம் அலையலையாக உழுது போட்டபடி வானம் தொடுகிற வரைக்கும் போயிற்று, சாயங்காலத்தில் அந்தப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து அவள் முகத்தில் உப்பாக ஒட்டியது. கடல் அந்தப் பக்கம்தான் என்று சொல்வார்கள். அவள் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் அவள் குழம்பு இரண்டு தடவை தீய்ந்தது.

பிறகு சன்னல் பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்துக்கு வந்தது, வாத்தியார்கள் ஒளிந்து நின்று பீடி குடித்தார்கள். மேற்கே கடைத்தெரு வந்தது. வடக்கே ரயில் வந்தது. ரயில் சன்னலில் கையை ஊன்றியிருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், அவளும் சன்னலில் கையை ஊன்றியிருந்தாள், யார் போகிறார்கள் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நொடி குழம்பியது. அவளுக்குள் ஏதோ ஓரிடத்தில் தரிக்க மாட்டேனென்றது. உலை வைத்துவிட்டுப் பட்டாசலுக்கு வருவாள், துடுப்புகளைத் துடைப்பாள், மறுபடி சன்னலுக்குப் போவாள். தவசிக்கனியும் அப்படித்தான் வாசலுக்கும் போனுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நடுவில் இருவரும் எதிரெதிரே வந்தால், ஒடுக்கமான ஆற்றில் இரண்டு படகு போல, ஒருவர் சுவரோடு ஒதுங்கி மற்றவருக்கு வழிவிட்டார்கள்.

முழுச் சுற்று முடிந்து குடோன் சுவர் சன்னலுக்கு நேராக வந்த வாரம், அவளுக்கு ஒன்றுமே ஓடவில்லை. பாயை விரித்துப் படுத்துவிட்டாள். காய்ச்சல் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். சுவர் நகர்ந்ததும் எழுந்துவிட்டாள்.

இரண்டாவது சுற்றின் பாதியில் நகராட்சியிலிருந்து அளவையர் வந்தார். தெருவுக்கு சிமெண்ட் ரோடு போடப்போகிறார்கள். அவர் டேப்பை இழுத்து, வீட்டைச் சுற்றி நடந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, வீடு நேரா இருக்கும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. கோணலா நிக்கும்போது முன்மூலை ரோட்டுக்குள்ள அஞ்சடி வருது. ரோடு போடும்போது எப்படி நிக்குதோ அப்படித்தான் நாங்க அளக்க முடியும். மூலை வெளிய இருந்தா உடைப்போம். வேற வழியில்லை."

"எப்பம் போடுவீங்க?"

"தை மாசம்."

"தை மாசம் நேரா வந்துரும் சார்" என்றார் ரத்தினசாமி, தன் வீட்டு மாட்டைப் பற்றிச் சொல்வது போல. "நேரா வந்தவுடனே எட்டாவது துடுப்பப் போட்டு நிப்பாட்டிருவோம்."

எல்லாரும் கணக்குப் போட்டார்கள். தையில் வாசல் பழையபடி மேற்கே தெருவைப் பார்க்கும். அப்போது எட்டாவதை மாட்டினால் வீடு தன் பழைய இடத்தில் ஆணியடித்து நிற்கும். வாசலுக்குத் தெரு கிடைக்கும், நகராட்சிக்கு ரோடு கிடைக்கும். அடுப்படிச் சன்னலுக்கு எது கிடைக்கும் என்பது கணக்கில் வரவில்லை. அன்னபாக்கியம் காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, இனி சாகும் வரைக்கும் அந்த உதடு என்று நினைத்தாள்.

மார்கழிக் கடைசியில் எட்டாவது துடுப்பு கிடைத்துவிட்டது. பழைய சாமான் வியாபாரி காதர் மைதீன் போனில் கத்தினார். தவசிக்கனி ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அண்ணாச்சி, அரக்குக் கலரு, மூணு கிரீடம் போட்டது, வலப்பக்கம் மாட்டுறதுதான். ஆனா பன்னெண்டடி இருக்கு. பஸ்ல ஏத்த மாட்டேங்கான். எல்லாரும் ரெண்டா அறுத்துத்தான் கொண்டு போறாங்களாம், நடுவுல ஒரு பிரம்பு செருகி ஒட்டிக்கிடலாமாம். அறுத்துரட்டா?"

"அத அறுத்தீரு, உம்ம நான் அறுப்பேன் வே."

"சரி சரி, கோவப்படாதீக. காய்கறி லாரி பாத்து ஏத்துதேன். புதன்கெழமை வந்துரும்."

புதன்கிழமை என்றால் வாசல் தெருவுக்கு நேராக இருக்கும். தெரு முழுதும் அந்தச் செய்தி போயிற்று. மறுநாள் தவசிக்கனி குளிக்கப் போன நேரத்தில் அன்னபாக்கியம் அவருடைய போனை எடுத்தாள். இதுவரை அவள் அந்தப் போனில் மகளைத் தவிர வேறு யாரையும் கூப்பிட்டதில்லை.

"காதர் அண்ணாச்சி, நான் கனி வீட்ல பேசுதேன்."

"சொல்லுங்க மதினி."

"புதன்கெழமை வேண்டாம். கொஞ்சம் தள்ளிக் கொண்டாங்க. ஒரு மூணு வாரம்."

"ஏன் மதினி, ஏதும் விசேசமா?"

அவள் சன்னலைப் பார்த்தாள். பல்லில்லாத உதடு ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துகொண்டிருந்தது.

"நல்ல நாளு இல்ல" என்றாள்.

லாரி கிடைக்கவில்லை, லாரிக்காரன் மனைவிக்குப் பிரசவம், பொங்கல் நெரிசல் என்று காதர் மைதீன் விதவிதமாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அன்னபாக்கியம் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வாரென்று அவள் எதிர்பார்க்கவில்லை. தவசிக்கனி போனை வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் "சரி, வரட்டும்" என்றார். கோபப்படவில்லை. புதன்கிழமை வந்து போயிற்று. வாசல் தெருவை நேராகப் பார்த்து, ஒரு சாண், இரண்டு சாண் என்று வடக்கே விலகியது. முன்மூலை தெருவுக்குள் நீட்டத் தொடங்கியது. ரோடு போட ஜல்லி வந்து குவிந்தது. தெருக்காரர்கள் ஜல்லியையும் மூலையையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

வெயில் நன்றாக ஏறிய ஒரு காலையில் துடுப்பு வந்தது. ஒரு பக்கம் தக்காளிச்சாறு ஒட்டியிருந்தது. சன்னலுக்கு நேராக அன்றைக்குத் தென்கிழக்கு. கரிசல் காடு முழுதாக விரிந்து கிடந்தது.

"இப்பம் போடாண்டாம் அண்ணாச்சி" என்றார் ரத்தினசாமி. "போட்டா இப்படியே நின்னுரும், மூலைய ஒடச்சிருவாங்க. இன்னும் ஒரு சுத்து விடுங்க. ரோட்டுக்காரன்ட நான் பேசுதேன்."

தவசிக்கனி அன்னபாக்கியத்தைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் எந்த மரத்தை வாங்குவது, எதை விற்பது என்று ஒருநாளும் அவளைப் பார்த்ததில்லை.

"மூலைதானே" என்றாள் அவள். "ஒடச்சுட்டுப் போகட்டும். மாட்டுங்க."

"என்ன மதினி இப்படிச் சொல்லிட்டீக!"

"ஒரு மூலையில என்ன தம்பி இருக்கு? தொடப்பம் இருக்கு."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு யாரும் மறுக்கவில்லை, இந்த வேடிக்கை எப்படியோ முடிய வேண்டுமே. ரத்தினசாமி ஒரு தட்டு கடலைமிட்டாய் கொண்டுவந்தார். பதம் வந்ததும் கொடுப்பதற்கு. டைலர் வீட்டம்மாள் தேங்காய் கொண்டுவந்தாள். அளவையர்கூட வந்து ஜல்லிக்குவியலின் மேல் நின்றார். தவசிக்கனி தக்காளிச்சாறைத் துண்டால் துடைத்து, அலகில் எழுதியிருந்த பேர்களை ஒருமுறை வாய்க்குள் படித்து, முக்காலி மேல் ஏறி, வலப்பக்கச் சுவரின் நான்காவது கொக்கிகளில் துடுப்பைப் படுக்கவைத்தார்.

வீடு நின்றது.

அவ்வளவு நாளும் காதுக்கு எட்டாமல் கேட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒரு முனகல் நின்றபோதுதான் அது இருந்ததே எல்லாருக்கும் தெரிந்தது. பூசைமாடத்து மணி அசையவில்லை. தெருவில் கை தட்டினார்கள். "நான் சொல்லல?" என்று ரத்தினசாமி ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக் கேட்டார், மிட்டாய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேற வந்தார், படியில் காலை வைத்தார், படி அங்கே இல்லை. அது அவருக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது. அவர் இன்னொரு எட்டு வைத்தார், படியும் இன்னொரு முழம் போயிற்று.

அடுப்படியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அன்னபாக்கியம் சன்னல் கம்பியைப் பிடித்தாள். குடோனின் சுவர் இடப்பக்கம், பள்ளிக்கூடத்துச் சுவர் வலப்பக்கம், இரண்டும் அவளை நோக்கி வந்து, அகன்று, பின்னால் போயின. வீடு ஒரு தரம் மூச்சு இழுப்பது போல நின்றது, எட்டுத் துடுப்பும் கொக்கியில் ஒருசேர முனகின, பிறகு ஒரு நீண்ட வழுக்கல். மறுபடி நின்றது, மறுபடி வழுக்கியது. பச்சை டியூப் விறைத்து நீண்டு பிய்த்துக்கொண்டது. சுருட்டி வைத்திருந்த வயர் சுருள் சுருளாக அவிழ்ந்தது, பிறகு அதுவும் விட்டது. கரிசல் மண் சத்தமில்லாமல் பிளந்து வழிவிட்டது, பின்னால் வந்து மூடிக்கொண்டது.

பட்டாசலில் தவசிக்கனி வாசலைப் பார்த்தபடி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே திறந்த கதவில் தெரு சின்னதாகிக்கொண்டே போயிற்று. மிட்டாய்த் தட்டோடு ரத்தினசாமி கொஞ்ச தூரம் ஓடிவந்தார்.

"அண்ணாச்சி! கடை! கடைய என்ன செய்ய?"

"சாவி உம்ம கல்லாவுல போட்டிருக்கேன் வே, காலையிலே போட்டுட்டேன்!" என்று தவசிக்கனி கத்தினார்.

அடுப்படியில் அன்னபாக்கியத்துக்கு அது கேட்டது. காலையிலேயா? அவள் திரும்பிப் பார்த்தாள். கதவு வழியாக அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. எட்டும் சேர்ந்தால் நிற்காது என்று இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. இதற்குமுன் ஒருமுறை, ஆள் குறைந்த படகில் ஏறி உட்கார்ந்தவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும். தெரிந்துதான், மூன்று வாரம் தள்ளிப் போனதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரத்தினசாமி இப்போது ஒரு புள்ளி. அவர் தட்டைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். போகாதே என்கிறாரா, போய்வா என்கிறாரா என்று அந்தத் தூரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது.

"அன்னம்" என்று கூப்பிட்டார் தவசிக்கனி. குரலில் ஒரு பதற்றம் வந்திருந்தது. ஊர் முழுக்கக் கண்ணுக்கு எதிரே கரைந்துகொண்டிருந்தது, போகிற இடம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் எழுந்து வலச்சுவர் ஓரமாகப் போய், எட்டாவது துடுப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அன்னம், அங்க என்ன தெரியுது? ஒண்ணை எடுத்துரட்டுமா? ஒண்ணை எடுத்தா நின்னுரும். சுத்தத்தான் செய்யும், ஆனா இங்கனயே சுத்தும். சொல்லு."

முன்னால் ஒரு ஒற்றைக் கிணறு வந்தது. அவள் தன்னையறியாமல் இடப்பக்கம் சாய்ந்து, அரிசி டிரம்மில் கையை ஊன்றி அழுத்தினாள். வீடு மெல்ல இடப்பக்கம் ஒடித்துக் கிணற்றைத் தாண்டியது. அவள் கையை எடுத்தாள், வீடு நேரானது. மறுபடி கையை வைத்துப் பார்த்தாள்.

உழுத சால்கள் அலையலையாக வந்து சன்னலுக்குக் கீழே மறைந்தன. காற்று உப்பாக முகத்தில் ஒட்டியது. தூரத்தில் ஒரு சாலை குறுக்கே போயிற்று, அதன் ஓரத்தில் வெள்ளையடித்த ஒரு சின்னக் கல் நின்றது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க இன்னும் கொஞ்சம் கிட்டே போக வேண்டும்.

"எடுக்காண்டாம்" என்றாள். "உக்காருங்க."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"பென்னுக்கு எட்டுக் கல்லுன்னு போட்டிருக்கு. முதல்ல அந்த எட்டுக் கல்லு போவோம். பெறகு பாத்துக்கிடலாம்."

அந்தப் பக்கமிருந்து அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தது கேட்டது. "கல்லுன்னா அன்னம், அது..." என்று தொடங்கினார். டம்ளர்கள் ஒருமுறை இடித்து ஓய்ந்தன. முக்காலி தரையில் இழுபடுகிற சத்தமும், அவர் அதில் மறுபடி உட்காருகிற சத்தமும் வந்தன.

"சரி" என்றார். "நீ சொல்லு."

வீடு மூச்சு இழுத்து நின்றது.

"வலிங்க" என்றாள் அன்னபாக்கியம்.